காத்திருப்பு எனும் மூலதனம்

2022 செப்டம்பர் 30 காலை, இராமநாதபுரத்தில் ஒரு திரையரங்க வாசலில் என் பெரியம்மாவின் கையைப் பிடித்தபடி நின்றிருந்தேன். அவருக்கு அப்போது வயது 84. முன்வரிசையில் இளைஞர்கள் சீழ்க்கை அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே பேரன் பேத்திகளுடன் வந்திருந்த முதியவர்கள் பலரைக் கண்டேன். பல ஆண்டுகளாகத் திரையரங்கப் படியேறாதவர்கள் என்று அவர்களைப் பார்த்தாலே தெரிந்தது. 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் அன்றுதான் வெளியானது.

நாற்பதாண்டுகள் பொருளியல் பயின்றும் பயிற்றுவித்தும் வந்த எனக்கு அந்தக் கூட்டம் ஒரு வினாவாக நின்றது. கதை என்ன ஆகும் என்று தெரியாததால்தான் மக்கள் திரைப்படத்துக்குப் போகிறார்கள் என்பது பொதுவான எண்ணம். இங்கோ, வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கதை தெரியும். சிலருக்கு அத்தியாய வரிசைகூடத் தெரியும். ஏற்கெனவே அறிந்த ஒன்றுக்காக ஒரு சமூகம் ஏன் இவ்வளவு ஆவலோடு காத்திருந்தது? விளம்பரத்தின் விளைவு என்று சொல்லிவிடலாம். ஆனால், அது முழு விடையாகாது.

கல்கி இரா. கிருஷ்ணமூர்த்தி இந்த நாவலை 1950 அக்டோபர் இறுதியில் தம் 'கல்கி' வார இதழில் தொடங்கி 1954-இல் நிறைவு செய்தார். ஐந்து பாகங்கள், ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள். அந்த ஆண்டின் டிசம்பர் 5 அன்று அவர் மறைந்தார். அந்த மூன்றரை ஆண்டுகளிலும் வாசகர்கள் வாரத்தில் ஒருநாள் படித்தார்கள். மீதி ஆறு நாள்கள் காத்திருந்தார்கள். வந்தியத்தேவன் தப்பினானா, நந்தினியின் மனத்தில் என்ன இருக்கிறது என்று திண்ணைகளில் விவாதித்தார்கள். படித்த நேரத்தைவிடக் காத்திருந்த நேரமே அதிகம். அந்தக் காத்திருப்பில்தான் கதைமாந்தர்கள் வாசகரின் வீட்டு மனிதர்களானார்கள்.

பெரியம்மாவின் தந்தை மண்டபத்தில் ரயில்வே பணியில் இருந்தார். சென்னையிலிருந்து ரயிலில் வரும் இதழ் ஒன்றுதான்; படிக்கும் வீடுகள் நான்கு. வரிசை முறை வைத்துப் படிப்பார்களாம். நான்காவது வீட்டுக்காரர் படித்து முடிப்பதற்குள் அடுத்த இதழ் வந்துவிடும். கடைசியில் இதழ் திரும்பி வந்ததும் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து, சணல் நூலால் தைத்து வைத்துவிடுவார் பெரியம்மாவின் தாயார். என் இளமையில் நான் படித்தது அந்தத் தைத்த பிரதியைத்தான். மூன்றாம் பாகத்தில் சில அத்தியாயங்கள் இருக்காது. அவற்றைப் பெரியம்மா வாயால் சொல்லி நிரப்புவார். பின்னாளில் அச்சு நூலில் அந்த அத்தியாயங்களைப் படித்தபோது, பெரியம்மா தம் விருப்பப்படி சிலவற்றை மாற்றிச் சொல்லியிருந்தது தெரிந்தது. சிரித்துக்கொண்டேன்.

எதிர்பார்ப்புக்கே ஒரு பயன்மதிப்பு உண்டு என்பதைப் பொருளியல் தாமதமாகத்தான் கண்டுகொண்டது. பொதுவாக, இன்று கிடைக்கும் நன்மையைவிட நாளை கிடைப்பதற்கு மதிப்புக் குறைவு என்று நாங்கள் கற்பிப்போம். 1987-இல் ஜார்ஜ் லோவன்ஸ்டீன் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு வேடிக்கையான கேள்வியின் மூலம் இதற்கு விலக்கு இருப்பதைக் காட்டினார். உங்களுக்குப் பிடித்த திரை நட்சத்திரத்தின் முத்தம் எப்போது கிடைத்தால் அதிக விலை கொடுப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டார். உடனே கிடைப்பதைவிட மூன்று நாள் கழித்துக் கிடைப்பதற்கே அவர்கள் அதிக மதிப்பளித்தார்கள். இடைப்பட்ட மூன்று நாள் கனவும் அந்த விலையில் அடக்கம்.

தமிழ் வாசகர்களின் கனவோ பல பத்தாண்டுகள் நீண்டது. 1958-இல் 'நாடோடி மன்னன்' வெற்றிக்குப் பின் இந்த நாவலைப் படமாக்க எம்.ஜி.ஆர். முயன்றார், நிறைவேறவில்லை. பின்னர் கமல்ஹாசனும் முயன்றார், கைகூடவில்லை. இயக்குநர் மணிரத்னமே 2010-ஐ ஒட்டித் திட்டமிட்டுப் பொருட்செலவு கருதிக் கைவிட்டார். சாதாரணச் சரக்கு என்றால் இத்தனை தாமதத்தில் அதன் மதிப்புத் தேய்ந்திருக்கும். இதன் மதிப்பு வளர்ந்தது. காரணம், இடைக்காலத்தில் வாசகர்கள் பெருகிக்கொண்டே இருந்ததுதான்.

அவர்கள் தாமாகப் பெருகிவிடவில்லை. 'கல்கி' இதழ் இந்தக் கதையைத் தலைமுறைக்கு ஒருமுறை என்பதுபோல் மீண்டும் மீண்டும் தொடராக வெளியிட்டது. ஊர்தோறும் வாடகை நூலகங்கள் இருந்தன. 1999-இல் சென்னையில் 'மேஜிக் லாண்டர்ன்' குழுவினர் இதை மேடையேற்றினர். எல்லாவற்றுக்கும் மேலாக, 1990-களின் இறுதியில் தமிழக அரசு கல்கியின் நூல்களை நாட்டுடைமையாக்கியது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் காப்புரிமை நீடிக்கும். அவ்வாறாயின் 2014 முடியும்வரை இந்நாவல் தனியுரிமையிலேயே இருந்திருக்கும். நாட்டுடைமையானதால் ஏறத்தாழ 15 ஆண்டுகள் முன்னதாகவே பல பதிப்பகங்கள் போட்டியிட்டு மலிவு விலையில் அச்சிட்டன. இணையத்தில் இலவசமாகவும் கிடைத்தது. 2022-இல் திரையரங்கில் சீழ்க்கை அடித்த இளைஞர்களில் பலர் அந்த 15 ஆண்டுகளின் வாசகர்கள். பரிவுத்தொகை கொடுத்து அரசு எடுத்த ஒரு பண்பாட்டு முடிவு, இருபதாண்டுகள் கழித்துத் தனியார் திரைத் தொழிலுக்கு வட்டியோடு பயன்பட்டது. இந்தக் கணக்கை எவரும் எழுதிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எதிர்பார்ப்புக்கு மறுபக்கமும் உண்டு. ஒருவர் தம் மனத்தில் ஓர் அளவுகோலை நிறுத்திக்கொண்ட பின், அதற்கு மேல் கிடைக்கும் மகிழ்ச்சியைவிடக் கீழே குறையும் வருத்தமே அவரை அதிகம் தாக்கும். டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979-இல் நிறுவிய கருத்து இது. தமிழ் வாசகரின் அளவுகோலை வரைந்தவர்கள் இருவர்: எழுத்தால் கல்கி, தூரிகையால் ஓவியர் மணியம். குந்தவையின் கொண்டையும் நந்தினியின் பார்வையும் மணியத்தின் கோடுகளாகவே பலர் நெஞ்சில் பதிந்திருந்தன. இந்தப் போட்டியில் எந்த நடிகரும் முழுமையாக வெல்ல முடியாது. படத்தில் மணிமேகலை இல்லை. சேந்தன் அமுதன் பற்றிய பெரும் திருப்பமும் இல்லை. 2023 ஏப்ரல் 28 அன்று இரண்டாம் பாகம் வந்தபோது அந்த இழப்பை வாசகர்கள் உரக்கவே பேசினார்கள். நாவலைப் படிக்காதவர்கள் எதையும் இழந்ததாக உணரவில்லை. அந்த ஏமாற்றம்கூட வாசித்தவர்களுக்கே உரியது.

எங்கள் கடற்கரைக்காரர்களுக்குத் தனியாக ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. நாவலின் இரண்டாம் பாகத்தில் முதன்மந்திரி அநிருத்தர் இராமேசுவரத்தை ஒட்டிய கரையில் முகாமிட்டிருப்பார். ஆழ்வார்க்கடியான் அவரைக் காண அங்கே வருவான். கோடிக்கரையிலிருந்து பூங்குழலி படகு செலுத்துவதும் எங்கள் வலைஞர்கள் இன்றும் தொழில் செய்யும் பாக் நீரிணையில்தான். அந்தக் கடலின் நிறத்தைத் திரையில் தேடினோம். பெரும்படங்களின் நடைமுறைப்படி, கடலும் காடும் சார்ந்த காட்சிகளில் ஒரு பகுதி தாய்லாந்தில் படமாக்கப்பட்டிருந்தது. ரவிவர்மனின் ஒளிப்பதிவு தேசிய விருது பெற்றது, கண்ணுக்கு விருந்துதான். ஆயினும், அருகில் அமர்ந்திருந்த பெரியம்மா, "தண்ணி நம்ம தண்ணி மாதிரி இல்லையேப்பா" என்று மெல்லச் சொன்னார்.

கடலுக்கு அப்பால், மலாய் மொழி வழங்கும் உலகிலும் இதையொத்த நிகழ்வு ஒன்று உண்டு. கீழக்கரை மரைக்காயர்களின் மரக்கலங்கள் ஒருகாலத்தில் சென்று வந்த பகுதி அது. இந்தோனேசிய எழுத்தாளர் பிரமுதியா அனந்த தூர், புரு தீவுச் சிறையில் எழுதுகோல் மறுக்கப்பட்டிருந்தபோது சக கைதிகளுக்கு வாய்மொழியாகச் சொன்ன கதையே 'பூமி மனுசியா'. 1980-இல் அது நூலாகி, அடுத்த ஆண்டே தடை செய்யப்பட்டது. தடைக்குள்ளும் மக்கள் கைமாற்றிப் படித்தார்கள். 2019-இல் அது திரைப்படமானபோது, நாயகனாக ஓர் இளம் நட்சத்திரம் தேர்வானதற்கு வாசகர்கள் கொதித்தெழுந்தார்கள். மொழி வேறு, வரலாறு வேறு. ஆனால், அந்த உரிமைக் குரல் ஒன்றே. வாசித்தவன் தன்னைப் பார்வையாளனாக மட்டும் கருதுவதில்லை, பங்குதாரனாகவே கருதுகிறான்.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். திரைத் துறை ஒரு படத்துக்கான ஆவலை முன்னோட்டக் காட்சிகளாலும் பாடல் வெளியீட்டு விழாக்களாலும் சில வாரங்களுக்கு உண்டாக்க முடியும். எழுபதாண்டு ஆவலை எந்த விளம்பரமும் உண்டாக்காது. அது வார இதழ்களும் நூலகங்களும் வீட்டுப் பெண்களும் சிறுகச் சிறுகச் சேமித்த மூலதனம். படம் அதிலிருந்து எடுத்துச் செலவிட்டது. அதில் தவறில்லை. ஆனால், மறுபடியும் யார் சேமிக்கிறார்கள்? 1941-இல் தொடங்கிய 'கல்கி' இதழின் அச்சுப் பதிப்பு, படம் வெளிவருவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே, 2020-இல் நின்றுபோனது. இணையத்தில் தொடர்கிறது என்றாலும், நான்கு வீடுகள் வரிசை வைத்துப் படித்த தாள் இனி இல்லை. சு. வெங்கடேசனின் 'வேள்பாரி' போன்ற ஒன்று நூறு வாரங்களைக் கடந்து வார இதழில் வெளியாகி, அது எப்போது திரைக்கு வரும் என்று இன்று வாசகர்கள் கேட்கிறார்கள் என்றால், பழைய முறை இன்னும் முற்றிலும் பட்டுப்போகவில்லை என்று பொருள். ஆனால், அப்படிப்பட்ட தொடர்கள் அரிதாகிவிட்டன.

எங்கள் கடற்கரையிடம் கதைகளுக்குப் பஞ்சமில்லை. போகலூரிலிருந்து தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றிய கிழவன் சேதுபதி, இங்கே பிறந்து சிவகங்கைக்கு அரசியான வேலு நாச்சியார், 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடி என்று ஒவ்வொன்றும் பெரும்புனைவுக்கு உரியவை. இவற்றைப் படமாக்க வேண்டும் என்று மேடைதோறும் கோரிக்கை எழுகிறது. முதலில் எழுதப்பட வேண்டும், பின்னர் வீடுகளுக்குள் போக வேண்டும், அதன் பிறகே திரை என்று நான் சொல்வேன். நாம் சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். அந்தப் பணம் கிளை நூலகங்களின் அலமாரிக்கு நூலாக வந்து சேர்கிறதா என்று கேட்பது நம் உரிமை. பள்ளிகளில் வாரம் ஒரு பாடவேளையேனும் தொடர்கதை வாசிப்புக்கு ஒதுக்கலாம். அடுத்த வாரம் வரை மாணவர்களைக் காத்திருக்கவும் வைக்கலாம். செலவு மிகச் சொற்பம். பலன் கிடைக்க முப்பதாண்டுகள் ஆகலாம்.

படம் முடிந்து வெளியே வந்ததும், "எப்படி இருந்தது?" என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "நல்லாத்தான் எடுத்திருக்காங்க. ஆனா என் குந்தவை இவ இல்லை" என்றார். பிறகு, அன்று மாலையே அந்தத் தைத்த பிரதியைப் பரணிலிருந்து எடுத்துத் தரச் சொன்னார். உடன் வந்திருந்த என் பேத்தி, அதில் இல்லாத அத்தியாயங்களைப் பற்றி அவரிடம் கேட்கத் தொடங்கினாள்.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் - ஓய்வு)