மகன் மோட்டார் கேட்கிறானா?

தோட்டத்துத் தாய்மார்களே, 16 வயது ஆனால் பையன் 'பி-டூ' லைசென்ஸ் எடுக்கலாம். உடனே பெரிய மோட்டார்தான் கேட்பான். 250 சிசி வரை சட்டம் விடுகிறது என்பதற்காகப் பழகுகிற கைக்கு அது ஏற்றதாகிவிடுமா?

கிளட்ச் பிடி இல்லாத 100 சிசி கப்சாய் போதுமுங்க. ஜாசினிலோ அலோர் காஜாவிலோ சாமான் சுலபமாகக் கிடைக்கும். பழைய வண்டியென்றால் பிரேக்கையும் டயரையும் பாருங்கள்; பளபளப்பை அல்ல.

நமக்குப் பெரிய கவலை ஹெல்மெட்தான். 1973லேயே சட்டம் வந்தாயிற்று. ஆனாலும் கூட்டத்துக்குப் போகிற தோட்டங்களில் என்ன பார்க்கிறோம்? செம்மண் ரோட்டில் அது கண்ணாடியில் தொங்குகிறது; மெயின் ரோடு வந்ததும் போலீசுக்காகத் தலையில் ஏறுகிறது. வாரை மட்டும் பூட்டுவதில்லை! பூட்டாத ஹெல்மெட் விழுந்தவுடனே கழன்று ஓடிவிடும், தலைதான் தாரில் மோதும். சிரிம் முத்திரை பார்த்து, தலையை உலுக்கினாலும் ஆடாத அளவில் புதிதாக வாங்குங்கள். அடிபட்ட பழசை யார் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். உள்ளே நுரை நசுங்கியிருப்பது வெளியே தெரியாது.

காலுக்குச் சிலிப்பர் ஆகாது, வேலைக்குப் போடும் சப்பாத்து போதும். வண்டியில் 'எல்' ஒட்டியிருக்கும்வரை பின்னால் ஆள் ஏற்றக்கூடாது. தங்கச்சி பள்ளிக்கூட பஸ்ஸைத் தவறவிட்டாலும் சரி.