பைப்புக்குள் ஒளிந்திருந்த பாட்டு... ஸ்காட்லாந்தின் ஒரு இசை ஜோடி சொல்லும் சேதி!

பேக்பைப் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? கட்டம்போட்ட கில்ட், வரிசையாக நடந்துவரும் பேண்ட் குழு, காதைத் துளைக்கும் சத்தம். அவ்வளவுதானே! ஆனால், அந்தக் காற்றுப்பைக்குள் ஒரு மொழியே ஒளிந்திருக்கிறது என்றால் நம்புவீர்களா? அதைக் காதாலேயே கேட்கவைத்தது ஒரு ஜோடி. ஒருவர் பாடகி, இன்னொருவர் பைப்பர்.

பாடகி மார்கரெட் ஸ்டூவர்ட், ஸ்காட்லாந்தின் வடமேற்கே இருக்கும் லூயிஸ் தீவைச் சேர்ந்தவர். பைப்பர் ஆலன் மெக்டொனால்ட், மேற்குக் கரையில் இருக்கும் கிளெனுயிக் என்ற சின்ன ஊர்க்காரர். அவருடைய சகோதரர்கள் ஆங்கஸ், இயன் இருவரும்கூடப் பேர்பெற்ற பைப்பர்கள். ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் பாட்டையும் பைப்பையும் சேர்த்து இந்த ஜோடி தந்த முதல் ஆல்பம் 1998-ல் வந்தது. பெயர் ‘ஃபூவர் மி போக்’. ‘எனக்கு ஒரு முத்தம் கிடைத்தது’ என்று அர்த்தம். அடுத்தது, 2001-ல் வந்த ‘கோலா மோ ரூன்’.

பாட்டும் பைப்பும் ஒட்டுமா?

பார்த்தால் பொருந்தாத ஜோடிதான். பேக்பைப்பில் பையை ஊதி நிரப்பி, கையால் அமுக்கிக்கொண்டே இருப்பார்கள். அதனால் சத்தம் நடுவில் நிற்கவே நிற்காது. விரல் வைத்து வாசிக்கும் குழலில் மொத்தமே ஒன்பது ஸ்வரங்கள். தோள்மேல் சாய்ந்திருக்கும் மூன்று குழல்கள் விடாமல் ஸ்ருதி பிடிக்கும். சத்தத்தைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

சரி, ஒரே ஸ்வரத்தை இரண்டு தடவை வாசிக்க வேண்டுமென்றால்? நிறுத்தித் தொடங்க வழி இல்லையே! அதனால் நடுவில் கண் இமைக்கும் நேரத்தில் வேறொரு ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு வருவார்கள். பைப் இசையில் கேட்கும் அந்தக் ‘கிறுகிறு’ அலங்காரங்கள் வெறும் அழகுக்காக மட்டும் இல்லை. வார்த்தைகளைப் பிரித்துக் காட்டும் வேலையையும் அவைதான் செய்கின்றன.

பெரிய பைப்பின் சத்தத்துக்கு முன்னால் மனிதக் குரல் எடுபடாது. அதனால் குரலோடு சேர்த்து வாசிக்க ‘ஸ்மால்பைப்’ கைகொடுக்கும். வாயால் ஊத வேண்டாம். முழங்கையில் கட்டிய துருத்தியே காற்றைத் தரும். சத்தமும் ஒரு அறைக்குப் போதுமான அளவுதான்.

வாயால் பாடி, விரலால் வாசி!

பைப் இசையில் பெரிய வகை ஒன்று உண்டு. பெயர், பீப்ராக். முதலில் ‘ஊர்லார்’ என்ற அடிப்படை மெட்டு வரும். ஊர்லார் என்றால் கேலிக்கில் ‘தரை’. அந்தத் தரையின் மேல் மாறுபாடுகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் மறுபடி தரைக்கே திரும்புவார்கள். இறந்தவருக்கான ஒப்பாரி, தலைவருக்கான வரவேற்பு, படை திரட்டும் அழைப்பு என்று எல்லாமே இதில் உண்டு.

இதை அந்தக் காலத்தில் புத்தகம் பார்த்துப் படிக்கவில்லை. குரு வாயால் பாடுவார், சீடர் கேட்டு வாசிப்பார். ‘ஹிஹாரின்’, ‘ஹோட்ரோ’ என்பது மாதிரி ஒவ்வொரு விரல் அசைவுக்கும் ஒரு சொற்கட்டு இருந்தது. 1797-ல் காலின் கேம்ப்பெல் என்பவர் இந்தச் சொற்கட்டுகளிலேயே பல பீப்ராக் மெட்டுகளை எழுதிவைத்தார்.

பிறகு ஸ்வரங்களை அச்சடித்த தாள்கள் வந்தன, போட்டிகளும் பெருகின. 1903-ல் தொடங்கிய பீப்ராக் சொசைட்டி இந்த இசையை அச்சிட்டுக் காப்பாற்றியது. அதை மறுக்க முடியாது. ஆனால், ‘தாளில் இருப்பதே சரி’ என்ற பழக்கமும் கூடவே வந்தது. பரிசு வேண்டுமென்றால் அப்படித்தான் வாசிக்க வேண்டும். வாசிப்பு மெதுவாகி, பேச்சின் ஏற்ற இறக்கம் மெல்ல மெல்லக் கரைந்தது.

இங்கேதான் ஆலன் ஒரு கேள்வி கேட்டார். பீப்ராக் மெட்டுகள் பலவற்றுக்கும் கேலிக் பாட்டு வடிவம் இருக்கிறதே! அந்தப் பாட்டில் அழுத்தம் எங்கே விழுகிறது? பைப்பில் அது ஏன் காணவில்லை? இதையே எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து 1995-ல் சமர்ப்பித்தார். மார்கரெட்டின் குரலோடு அவர் பைப் சேரும்போது, அந்த வாதம் காதுக்கே புரிந்துவிடுகிறது. எல்லாப் பைப்பர்களும் இதை ஏற்றுக்கொண்டார்களா என்றால், இல்லை. போட்டி மேடைக்கு இன்னமும் அதன் வழக்கம்தான் முக்கியம்.

மொழி போனால்?

இது இசைக்காரர்களின் சண்டை மட்டும் இல்லைங்க. 1872-ல் வந்த கல்விச் சட்டத்தில் கேலிக்குக்கு இடமே இல்லை. குழந்தைகள் பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் கேலிக் என்று வளர்ந்தார்கள். பிறகு வீட்டிலும் ஆங்கிலம் வந்தது. 2022 கணக்கெடுப்பின்படி ஸ்காட்லாந்தில் கேலிக் பேசத் தெரிந்தவர்கள் சுமார் 70,000 பேர். பள்ளியில் படிப்பவர்களால் மொத்த எண்ணிக்கை கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஆனால், கேலிக்கின் கோட்டையான மேற்குத் தீவுகளிலேயே பேசுபவர்கள் பாதிக்கும் கீழே போய்விட்டார்கள்.

நெய்த கம்பளித் துணியை மேஜையில் அடித்து இறுக்கும்போது பெண்கள் பாடிய வேலைப் பாட்டுகள், பைப் இல்லாத இடத்தில் வாயாலேயே பாடி ஆடவைத்த நடனப் பாட்டுகள்... இவை எல்லாம் அந்த மொழியில்தான் இருக்கின்றன. துணி அடிக்கும் வேலை போய்விட்டது. பாட்டு மட்டும் மேடையில் மிச்சம் இருக்கிறது. வார்த்தை தெரிந்த கடைசி ஆளும் போய்விட்டால், மெட்டு இருக்கும். எங்கே அழுத்த வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் இருக்காது.

இந்த ஜோடியைக் கேட்கப் போகிறீர்களா? ஒரு சின்ன யோசனை. முதலில் குரலை மட்டும் கவனியுங்கள். அர்த்தம் புரியாவிட்டாலும் பரவாயில்லை, எந்த எழுத்து நீள்கிறது, எது குறுகுகிறது என்று பாருங்கள். பிறகு பைப்பைக் கேளுங்கள். சத்தமாக மட்டும் கேட்டுக்கொண்டிருந்த கருவி, பேசத் தொடங்கியிருக்கும்!