கரிசலும் தோணியும்

கோவிற்பட்டியைச் சூழ்ந்த நிலம் கரிசல் நிலம். ஆற்றுப் பாசனம் இல்லாத அந்நிலம் வான்மழையையே நம்பி வாழ்வது. ஐப்பசி மழையில் விதைத்த பருத்தி, கருமண் காத்துவைத்த ஈரத்தை உண்டு வளர்ந்து, மாசிக்குப் பின் வெண்ணிறமாக வெடிக்கும். அதுவே உழவர்க்குப் பொன். ஆயினும், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் அப்பொன் விலைபோதற்குப் பெரும்பாலும் கடல் கடக்க வேண்டியிருந்தது. கடலைக் காணாத உழவரின் உழைப்பைக் கடலிற் சுமந்த சிறு மரக்கலமே தோணி.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. அந்நாட்டுப் பருத்தி இங்கிலாந்துக்குச் செல்வது தடைப்படவே, இந்தியப் பருத்திக்கு மதிப்பு மிகுந்தது. கரிசற் காட்டுப் பருத்தி மாட்டு வண்டிகளில் ஏறித் தூத்துக்குடிக்குச் சென்றது. 1876ஆம் ஆண்டில் அந்நகருக்கு இருப்புப்பாதை அமைந்தபின் புகைவண்டியும் அதனைச் சுமந்தது. தூத்துக்குடியிலே பருத்தி பொறிகளால் இறுக்கப்பெற்றுப் பொதிகளாகியது.

அங்கேதான் ஓர் இடையூறு நின்றது. தூத்துக்குடிக் கரையோரக் கடல் ஆழமற்றது. பெரிய நீராவிக் கப்பல்கள் கரையை அணுகினால் தரை தட்டும். ஆதலால் அவை சில மைல் தொலைவிலேயே நங்கூரம் பாய்ச்சி நின்றன. கரைக்கும் கப்பலுக்கும் இடையே பாலமாய் அமைந்தவை தோணிகளே.

தோணி பலகைகளால் அமைந்தது, அகன்ற வயிறுடையது, ஆழமற்ற நீரிலும் மிதந்து செல்லவல்லது. பாய்மரத்திற் கட்டிய பாயே அதனை உந்தும். அதனைச் செலுத்தும் தலைவனுக்குத் தண்டல் என்று பெயர். அவனுக்குக் காற்றே வழித்துணை. இரவில் நிலம் கடலினும் விரைந்து குளிர்வதால், விடியற்காலையில் கரையிலிருந்து கடல் நோக்கிக் காற்று வீசும். பகலில் நிலம் விரைந்து சூடேறுவதால், பிற்பகலில் கடலிலிருந்து கரை நோக்கிக் காற்று வீசும். முன்னதில் சரக்கேற்றிச் சென்று, பின்னதில் கரை திரும்புவது பட்டறிவு தந்த பாடம். தோணிகள் கடலைக் கடந்து கொழும்புக்கும் சென்று வணிகம் புரிந்தன.

இத்தொழில் எளிதன்று. காற்று ஓய்ந்தால் பொதிகள் கரையிலே தேங்கும். அலை பொங்கி நீர் புகுந்தால் பருத்தி நனைந்து விலை கெடும். ஓராண்டு உழைப்பின் பயன், கரைக்கும் கப்பலுக்கும் இடைப்பட்ட அச்சிறு தொலைவிலே அழிந்துபோதலும் கூடும்.

கரிசல் மண்ணின் மைந்தர், ஒட்டப்பிடாரத்திற் பிறந்த வ. உ. சிதம்பரனார், 1906ஆம் ஆண்டில் சுதேசி நாவாய்ச் சங்கம் நிறுவிக் கப்பலோட்டினார். கடல் வாணிகம் அயலார் கையில் இருக்குமளவும் நாட்டார்க்கு உய்வில்லை என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார். ஆழமற்ற அக்கரையிலே அவர்தம் கப்பல்களுக்கும் சிறு படகுகளின் துணை வேண்டியிருந்தது.

1974ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் ஆழ்கடல் துறைமுகம் திறக்கப்பெற்றது. பெருங்கப்பல்கள் கரையையடுத்தே நிற்கலாயின. காலப்போக்கில் தோணிகளிலும் பாய்க்குத் துணையாகப் பொறிகள் அமைந்தன.

மாணவர்களே! பெருங்கப்பலின் பெயரை உலகம் நினைவிற் கொள்ளும். அதற்குச் சரக்கைக் கொணர்ந்து சேர்த்த தோணியை எளிதில் மறந்துவிடும். ஆயினும், உழவரும் வண்டிக்காரரும் தோணிக்காரரும் உழையாதிருந்தால் அப்பெருங்கப்பல் வெறுங்கலமாகவே திரும்பியிருக்கும். பெரியவற்றைப் போற்றுங்கால், அவற்றைத் தாங்கி நிற்கும் சிறியவற்றையும் போற்றுதல் அறிவுடைமையாகும்.