நாவலுக்குள் ஒரு விளையாட்டு – 7: மோதிரம் அணிந்தால் எது குறையும்?

2002-இன் கடைசி மாதங்களில் ஒரே காவியத்தை வைத்து இரண்டு வீடியோ கேம்கள் கடைக்கு வந்தன. டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலுக்கான கேம் உரிமை விவெண்டி நிறுவனத்திடம் இருந்தது. பீட்டர் ஜாக்சன் எடுத்த படங்களுக்கான உரிமையை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கியிருந்தது. படத்தின் முகங்களையும் இசையையும் விவெண்டி தொடக்கூடாது. நாவலில் மட்டுமே இருப்பதை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் தொடக்கூடாது.

மலேசியாவின் லாபிஸில் எங்கள் கைக்கு வந்தது படத்தின் கேம். சிகாமாட்டுக்கும் குளுவாங்குக்கும் நடுவே ரயில் பாதையோரம், ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஊர். பிளேஸ்டேஷன் 2 இருக்கும் வீட்டில் சாயங்காலமானால் பிள்ளைகள் கூடிவிடுவோம். ‘தி டூ டவர்ஸ்’ கேமில் படக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையில் நிற்கும் வீரன் நம் விரலுக்குக் கட்டுப்பட ஆரம்பித்துவிடுவான். எங்கே படம் முடிந்தது, எங்கே ஆட்டம் தொடங்கியது என்று பிடிபடாது. 2003-இல் வந்த ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்’கை இருவர் சேர்ந்தே ஆடலாம். அண்ணன்மார் முதல் கண்ட்ரோலரை வைத்துக்கொள்ள, இரண்டாவதற்கு நாங்கள் வரிசையில் நிற்போம்.

அருமையாகச் செய்த கேம்கள், சந்தேகமில்லை. ஆனால் வாளுக்கும் வில்லுக்கும் இருந்த வேலை அவற்றில் கதையின் மையமான மோதிரத்துக்கு இல்லை.

விவெண்டியின் ‘தி ஃபெலோஷிப் ஆஃப் தி ரிங்’கைப் பிற்பாடுதான் ஆடினேன். விமர்சகர்கள் அதைப் பெரிதாகப் பாராட்டவில்லை. சண்டை மந்தமானது என்பது என் கணிப்பும்கூட. நாவலில் இருந்தும் படம் விட்டுவிட்ட டாம் பாம்படில் என்ற பாத்திரம் இதில் வருகிறார். அதைவிட முக்கியம் ஒரு விதி. கதாநாயகன் ஃப்ரோடோ மோதிரத்தை அணிந்தால் எதிரியின் கண்ணுக்கு மறையலாம். அணிந்திருக்கும் நேரமெல்லாம் அவனுடைய தூய்மை குறைந்துகொண்டே போகும். நாவலின் உயிர் இந்த ஒரு விதிக்குள் வந்துவிட்டது. தப்பிக்கும் ஆசையும் அதன் விலையும் ஒரே பொத்தானில் இருக்கின்றன. கோடிக்கணக்கில் செலவழித்த படக்காட்சி செய்யாததை இது செய்கிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

நம்மிடமும் ஒரு மோதிரக் கதை உண்டு. கல்கி 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதிய ‘பொன்னியின் செல்வ’னில், நந்தினி தரும் பனை இலச்சினை மோதிரத்தைக் காட்டித்தான் வந்தியத்தேவன் தஞ்சைக் கோட்டைக்குள் நுழைகிறான். மணிரத்னத்தின் படங்கள் 2022-இலும் 2023-இலும் வந்துவிட்டன. நாளை யாராவது கேம் செய்தால் அந்தப் படங்களின் உடையையும் போர்களையும் எடுத்துக்கொள்ளத்தான் கை போகும். கல்கியின் எழுத்தோ நாட்டுடைமை. உரிமைக்காக யாரிடமும் காத்திருக்க வேண்டாம். கேம் கலைஞர்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. ‘ஸ்டார்கிராஃப்ட் ரீமாஸ்டர்ட்’டுக்குப் படம் வரைந்த லெமன் ஸ்கை நிறுவனம் இந்த நாட்டினுடையதுதான்.

அதை யார் செய்தாலும், அந்த மோதிரத்துக்கு ஒரு விதி வையுங்கள். காட்டினால் கதவு திறக்கட்டும். காட்டிய ஒவ்வொரு முறையும் கோட்டைத் தலைவர் சின்னப் பழுவேட்டரையரின் சந்தேகம் ஒரு படி ஏறட்டும். மோதிரத்தை நம்புவதா, நாக்குச் சாமர்த்தியத்தால் காவலாளியை ஏய்ப்பதா என்று ஆடுகிறவர் வாசலிலேயே நின்று முடிவெடுக்க வேண்டும். வாளை உருவும் பொத்தானை அதற்கப்புறம் யோசிக்கலாம்.

(தொடரும்)