ஒருவராய்ப் பிள்ளைகளோடு ஒரு கூடார இரவு

பள்ளி விடுமுறை நெருங்கும்போது பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, ‘இந்த முறை எங்கே போகிறோம்?’ என்பதுதான். தாயோ தந்தையோ அண்மையில் மறைந்துவிட்ட அல்லது பிரிந்துபோன வீட்டில், இந்தக் கேள்விக்குள் இன்னொன்று ஒளிந்திருக்கிறது: ‘இனிமேலும் நாம் எங்காவது போவோமா?’ சென்ற ஆண்டுவரை இருவர் பகிர்ந்துகொண்ட வேலைகளை, அதாவது பை தூக்குவது, பயணச்சீட்டு எடுப்பது, அழும் குழந்தையைச் சமாளிப்பது, வழி கேட்பது எல்லாவற்றையும் இனி ஒருவரே செய்தாக வேண்டும். அதனால் பலரும் ‘அடுத்த வருடம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுகிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. எனினும், சிறு பிள்ளைகளுடன் தனியாகச் சென்று கூடாரத்தில் ஓரிரு இரவு தங்கிவருவது நம் ஊர்ச் சூழலிலும் இயலக்கூடியதே. அதற்குத் துணிச்சல் கொஞ்சம் போதும். கணக்கு நிறைய வேண்டும்.

இந்தியக் குடும்பங்களில் ஏறத்தாழ 4.5 விழுக்காடு, அதாவது சுமார் 1.3 கோடிக் குடும்பங்கள், தனித்து வாழும் தாய்மார்களால் நடத்தப்படுபவை என்று ஐ.நா. பெண்கள் அமைப்பு 2019இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. இதைவிடக் கூடுதலாக, 3.2 கோடித் தாய்மார்கள் பெற்றோர், உடன்பிறந்தோர் வீடுகளில் பிள்ளைகளுடன் வாழ்வதாகவும் அது கணக்கிட்டது. இந்த இரண்டாவது எண்ணிக்கை கவனத்துக்குரியது. பிறந்த வீட்டுக்குத் திரும்பிய பெண்ணுக்குக் கூரையும் சோறும் கிடைக்கின்றன. தன் பிள்ளைகளைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமை மெல்லக் கழன்றுபோகிறது. ‘ஆண் துணை இல்லாமல் காட்டுக்கும் மலைக்கும் எதற்கு?’ என்ற கேள்வி அன்பிலிருந்துதான் எழுகிறது. ஆனால், அந்த அன்பின் நடுவே பிள்ளைகள் தம் தாயைப் பாட்டியிடம் அனுமதி கேட்கும் இன்னொரு பிள்ளையாகப் பார்க்கப் பழகிவிடுகிறார்கள். இரண்டு நாள் வெளியே செல்வதன் முதல் பயன், வீட்டின் தலைமை யாரிடம் இருக்கிறது என்பதை அவர்கள் கண்ணால் காண்பதுதான்.

வெட்டவெளியில் தங்குவது நமக்குப் புதிதன்று. வண்டி கட்டிக்கொண்டு குலதெய்வக் கோயிலுக்குப் போய், மரத்தடியில் பொங்கலிட்டு, அங்கேயே படுத்துறங்கித் திரும்பிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. பாபநாசம் மலைமேல், காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசையின்போது குடும்பம் குடும்பமாகக் குடில் அமைத்துத் தங்குகிறார்கள். அந்த இடம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. ஆங்கிலேயத் தையற்கலைஞர் தாமஸ் ஹிராம் ஹோல்டிங் 1908இல் கூடாரப் பயணத்துக்கெனக் கையேடு எழுதினார். அதை மேலைநாட்டார் நவீன முகாம் வாழ்க்கையின் தொடக்கங்களில் ஒன்றாகக் கொள்கிறார்கள். நமக்குக் கையேடு தேவைப்படவில்லை. ஏனென்றால் சித்தப்பாவும் அத்தையும் கூடவே வந்தார்கள். அடுப்பு மூட்ட ஒருவர், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர், காவலுக்கு ஒருவர் என்று கைகள் பல இருந்தன. ஒற்றைப் பெற்றோருக்கு இல்லாதது அந்தக் கைகள்தாம்.

ஆகவே, திட்டமிடலைக் கைகளின் எண்ணிக்கையிலிருந்து தொடங்க வேண்டும். நான்கு வயதுக் குழந்தை, ஏழு வயதுக் குழந்தை, ஒரு பெரியவர் என்று வைத்துக்கொள்வோம். இரவு இரண்டு மணிக்குச் சிறியவன் சிறுநீர் கழிக்க வேண்டும் என்கிறான். அவனைக் கழிப்பறைக்கு அழைத்துச் சென்றால் பெரியவள் கூடாரத்தில் தனியே கிடப்பாள். அவளையும் எழுப்பினால் மூவரும் இருட்டில் நடக்க வேண்டும். இருவர் இருக்கும் குடும்பத்தில் இது ஒரு பிரச்சினையே அல்ல. ஒருவர் இருக்கும் குடும்பத்தில் இதற்கான விடையைப் பகலிலேயே முடிவுசெய்திருக்க வேண்டும். மூடியுள்ள சிறிய பிளாஸ்டிக் வாளி ஒன்றைக் கூடார வாசலில் வைத்தால் தீர்ந்தது. அடுப்பும் அப்படித்தான். தீயின் அருகே நிற்கும்போது குழந்தையைத் துரத்திப் பிடிக்க முடியாது. எனவே முதல் பயணத்தில் சமையலே வேண்டாம். புளிச்சோறும் இட்லிப் பொடி தடவிய இட்லியும் ஒரு நாள் தாங்கும். மறுநாளுக்குத் தங்குமிடத்தாரிடமே உணவு சொல்லிவிடலாம். நீர்நிலை இன்னும் கடுமையான கணக்கு. நீந்தத் தெரியாத இரு குழந்தைகளை ஒருவர் தண்ணீரில் கண்காணிக்கவே முடியாது; ஆறும் அருவியும் ஏரிக்கரையும் உள்ள இடத்தை முதல் முறை தவிர்ப்பதே சரி. ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக ஒரு கைவிளக்கும் விசிலும் இருக்கட்டும். ‘இது உன் பொறுப்பு’ என்று கொடுக்கப்பட்ட விளக்கைப் பிள்ளைகள் நாம் எதிர்பார்ப்பதைவிடக் கவனமாகக் காப்பாற்றுகிறார்கள்.

ஒத்திகைக்கு நமக்கு இயற்கையாகவே கிடைத்திருக்கும் இடம் மொட்டைமாடி. வெயில்காலத்தில் பாய் விரித்துப் படுத்த அதே இடத்தில் கூடாரத்தை அடித்து ஓர் இரவு தூங்கிப் பார்க்கலாம். சிமென்ட் தளத்தில் முளை அடிக்க முடியாது என்பதால், வளையும் கம்பிகளால் தானே நிற்கும் குவிமாட வகைக் கூடாரம் வாங்குவது நல்லது. நான்கு மூலைக்கும் தண்ணீர் கேன்களைக் கட்டினால் காற்றுக்கு நிற்கும். ஒரே ஆளால், குழந்தைகளின் ‘உதவி’யோடு, இருட்டுவதற்குள் அதை நிறுத்த முடிகிறதா என்பதுதான் சோதனை. நள்ளிரவில் அழுகை வந்தால் படி இறங்கி வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளலாம். அக்கம்பக்கத்து மாடிகளிலிருந்து சிலர் எட்டிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

அடுத்து, இடத்தேர்வு. தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும் இரவு தங்குவதும் குற்றம். தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று பரவிய காட்டுத் தீயில் மலையேற்றத்துக்குச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் அதே ஆண்டில் மலையேற்றத்துக்கான ஒழுங்குமுறை விதிகளை அரசு கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளை இணையவழி முன்பதிவுடன் திறந்தது. இவை பெரும்பாலும் பகல்நேர நடைப்பயணங்கள். சிறு குழந்தைகளுடன் ஒருவர் தங்குவதற்கானவை அல்ல. தனியார் இடங்களிலும் விழிப்பு தேவை. வயநாடு மாவட்டம் மேப்பாடியில் 2021 ஜனவரியில், தனியார் தங்குமிடம் ஒன்றின் கூடாரத்தில் தங்கியிருந்த பெண் யானை தாக்கி இறந்தார். ‘காட்டின் விளிம்பில் கூடாரம்’ என்ற விளம்பரம் இளைஞர்களுக்கு ஈர்ப்பாக இருக்கலாம். ஒரே பெரியவர் உள்ள குடும்பத்துக்கு அது எச்சரிக்கைப் பலகை. ஏலகிரி, ஏற்காடு போன்ற மலைகளில், காட்டிலிருந்து விலகிய, சுற்றுவேலியும் விளக்கும் கழிப்பறையும் உள்ள பண்ணை வளாகமே முதல் பயணத்துக்கு ஏற்றது. அங்கே இன்னொரு குடும்பமும் தங்கும் நாளாகப் பார்த்துச் செல்வது மேலும் நல்லது. கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்காத இடம் என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ் குறையும். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் எடைக்குத் தோல்பரப்பு அதிகம். எனவே அவர்கள் விரைவில் குளிர்ந்துபோவார்கள். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்தே அதிகம் ஏறும் என்பதால், போர்வையை ஒன்று குறைத்தாலும் அடியில் விரிக்கும் மெத்தைப் பாயைக் குறைக்கக் கூடாது. குளிர்கிறதே என்று கரி அடுப்பையோ எரிவாயுக் கணப்பையோ கூடாரத்துக்குள் கொண்டுவருவது உயிரைப் பறிக்கும். 2020 ஜனவரியில் நேபாளத்தின் தமன் என்ற மலையூரில், கேரளத்திலிருந்து சென்ற எட்டுப் பேர், அவர்களில் நால்வர் குழந்தைகள், மூடிய அறைக்குள் எரிவாயுக் கணப்புடன் உறங்கி மீளாமல் போனார்கள். கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

பாம்பு பற்றிய அச்சம் நியாயமானதே. அதைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். கட்டுவிரியன் இரவில் திரிவது; தரையில் உறங்குவோரைக் கடிப்பது; கடி பெரிதாக வலிப்பதுமில்லை. விடியும்போது வயிற்றுவலியும் இமைகள் தொங்குவதுமாகத் தெரியவரும். வெறும் பாயில் படுப்பதைவிட, தரைவிரிப்பு சேர்த்துத் தைத்த, இழுவைப்பல் முழுவதும் மூடிய கூடாரம் இந்தப் பாம்பிடமிருந்து நல்ல காப்பு. அந்த இழுவைப்பல் எப்போதும் மூடியே இருக்க வேண்டும் என்பதைச் சட்டமாக்கிவிட வேண்டும். செருப்பையும் கூடாரத்துக்குள் வைத்து, உதறிய பிறகே போட வேண்டும். நஞ்சுமுறி மருந்து உள்ள அருகிலுள்ள அரசு மருத்துவமனை எது, எத்தனை நிமிடத் தொலைவு என்பதைக் கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ளலாம். அதிகம் பேசப்படாத இன்னொன்று உண்ணிக் காய்ச்சல். புதர்களில் வாழும் நுண்ணுண்ணிகளால் பரவும் இந்நோய் தமிழ்நாட்டில் பரவலாக உள்ளது. கடித்துச் சில நாட்கள் கழித்தே காய்ச்சல் தொடங்கும். திரும்பிய மூன்று வாரத்துக்குள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், ‘மலையில் கூடாரத்தில் தங்கினோம்’ என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பலரும் எண்ணிப் பார்க்க விரும்பாத கேள்வி ஒன்று உண்டு: அந்த ஒரே பெரியவர் விழுந்துவிட்டால்? ஐந்து வயதுக் குழந்தைக்கும் 112 என்ற எண்ணை அழைக்கச் சொல்லித்தர முடியும். பூட்டிய கைப்பேசியிலிருந்தும் அவசர அழைப்பு செல்லும் என்பதைச் செய்யாமல், காட்டி மட்டும் பழக்கலாம். தாயின் முழுப்பெயர், தங்கும் இடத்தின் பெயர் இரண்டும் மனப்பாடமாக இருக்க வேண்டும். வழி தவறினால் என்ன செய்வது என்பதற்கு ஒரு பாடம் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் மலைப்பகுதியில் 1981இல் குடும்பத்தாரிடமிருந்து பிரிந்த ஒன்பது வயதுச் சிறுவன் நடந்துகொண்டே இருந்ததால், தேடியவர்கள் அவனை உயிரோடு கண்டடைய முடியவில்லை. அந்தத் துயரிலிருந்து, தேடலில் ஈடுபட்டவர்கள் குழந்தைகளுக்காக ‘மரத்தைக் கட்டிக்கொள்’ என்ற பயிற்சியை உருவாக்கினார்கள். தொலைந்தால் நடக்காதே, ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இரு, விசில் ஊது. திட்டு விழாது என்ற உறுதியையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். திட்டுக்குப் பயந்து ஒளிந்துகொள்ளும் குழந்தைகள் உண்டு.

தந்தையர்க்கு வேறொரு சிக்கல். மனைவியை இழந்த ஒருவர் ஆறு வயது மகளுடன் பயணம் செய்யும்போது, பேருந்து நிலையக் கழிப்பறை வாசலில் திகைத்து நிற்கிறார். ஆண்கள் பக்கம் அழைத்துச் செல்லவும் மனமில்லை. பெண்கள் பக்கம் தனியே அனுப்பவும் அச்சம். முன்பின் தெரியாத ஓர் அம்மாவிடம் ‘கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்பதே இன்று பலர் கையாளும் வழி. எட்டு வயது மகனுடன் செல்லும் தாய்க்கும் இதே நிலைதான். குடும்பத்துக்கென ஒரு பொதுக் கழிப்பறையைச் சுற்றுலாத் தலங்களிலாவது கட்டுவது பெரிய செலவன்று. இது நம் நிர்வாகங்களின் கண்ணில் படவேயில்லை.

மணமுறிவு வழக்கு நடந்துகொண்டிருந்தால், நீதிமன்ற உத்தரவை ஒருமுறை வாசித்துவிட்டே கிளம்ப வேண்டும். இந்துச் சிறார் மற்றும் காப்பாளர் சட்டம் 1956, தந்தையை முதல் இயற்கைக் காப்பாளராகக் குறிப்பிட்டாலும், கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999இல் அளித்த தீர்ப்பு, தந்தை உயிருடன் இருக்கும்போதும் உரிய சூழலில் தாய் காப்பாளராக இயங்க முடியும் என்று விளக்கியது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை வழக்கமாகத் தாயின் பராமரிப்பிலேயே இருக்க வேண்டும் என்பதையும் அச்சட்டம் சொல்கிறது. ஆயினும், சந்திப்பு நாட்களையோ வெளியூர்ப் பயணத்தையோ கட்டுப்படுத்தும் இடைக்கால உத்தரவு இருந்தால் அதன்படியே நடக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும், எங்கே, எந்த நாட்கள், எந்தத் தொலைபேசி எண் என்ற மூன்றையும் எழுத்தில் மற்றவருக்குத் தெரிவித்துவிடுவது பின்னால் எழக்கூடிய குற்றச்சாட்டுகளைத் தவிர்க்கும். இரவில் குழந்தை அப்பாவிடம் பேச வேண்டும் என்றால் பேசட்டும். கூடாரம் எவ்வளவு சிறியது என்று அவரிடமும் சொல்லிக்கொள்ள அதற்கு ஆசை இருக்கும்.

மணமுறிவு பிள்ளைகளைப் பாழாக்கிவிடும் என்று ஊர் சொல்லும். அமெரிக்க உளவியலாளர் மேவிஸ் ஹெதரிங்டன் பல்லாண்டுகள் குடும்பங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட நூலில், மணமுறிவு நேர்ந்த வீட்டுப் பிள்ளைகளில் நான்கில் ஒரு பங்கினருக்குக் கடுமையான சிக்கல்கள் இருந்ததையும், சேர்ந்து வாழும் பெற்றோரின் பிள்ளைகளில் அது பத்தில் ஒரு பங்காக இருந்ததையும் பதிவு செய்தார். பாதிப்பு உண்மை, பெரும்பாலோர் அதைக் கடந்து இயல்பாக வளர்கிறார்கள் என்பதும் உண்மை. சிறு குழந்தையின் ஆழ்ந்த அச்சம், இருக்கும் ஒருவரும் போய்விடுவாரோ என்பதுதான். அதனால்தான் நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்புகிறது. குளியலறைக் கதவுக்கு வெளியே ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். மூவரும் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கும் கூடாரத்தில் அந்த அச்சத்துக்கு அன்றிரவு வேலை இருக்காது. மாற்றுத்துணியும் ரப்பர் விரிப்பும் மட்டும் பையில் இருக்கட்டும்.

விளக்கை அணைத்த பிறகுதான் பிள்ளைகள் பேசுவார்கள். முகம் தெரியாத இருட்டில், பகலில் கேட்காததைக் கேட்பார்கள்: ‘அப்பா இனி நம்ம வீட்டில் இருக்கமாட்டாரா?’ ‘அம்மா எங்கே போனாங்க?’ அதற்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. போனவரைப் பற்றிய புகாரை அங்கே பேசவே கூடாது. ‘அப்பா தனி வீட்டில் இருப்பார், ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்’ என்றோ, ‘அம்மா இறந்துட்டாங்க, திரும்ப வரமாட்டாங்க, நான் இங்கேதான் இருக்கேன்’ என்றோ, உண்மையை நான்கு சொல்லில் சொன்னால் போதும். சற்று நேரத்தில் அதே குரல், வெளியே கேட்பது தவளையா, வேறெதுவுமா என்று விசாரிக்கத் தொடங்கிவிடும்.