1,500-ஐத் தாண்டினால் மோட்டார் என்ன ஆகும்?

பசுவந்தனைப் பக்கம் கிணற்றடியில் இருக்கும் மும்முனை மோட்டாரின் தகட்டில் பெரும்பாலும் 1,440 அல்லது 2,880-ஐ ஒட்டிய ஓர் எண் பொறித்திருக்கும். நிமிடத்துக்கு அத்தனை சுற்று. கரிசலில் மழை தப்பிப்போன வருஷத்தில், கரண்டு இருக்கிற நேரத்துக்குள் மிளகாய்க்குத் தண்ணீர் கட்டி முடிக்க வேண்டியவர் இந்த எண்ணைக் கூட்ட வழி தேடுவது இயல்பு. வி.எஃப்.டி எனப்படும் டிரைவ் பெட்டியால் அதைக் கூட்டவும் முடியும். கூட்டினால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொண்டு பெட்டியில் கை வைப்பது நல்லது.

கிணற்றடியில் இருப்பது போன்ற இண்டக்ஷன் மோட்டாரின் வேகத்துக்கு எல்லை கட்டுவது மின்சாரத்தின் அதிர்வெண். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நான்கு போல் (காந்த முனை) உள்ள மோட்டாரில், அசையாத பாகமான ஸ்டேட்டரின் காயில்கள் உண்டாக்கும் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றும். உள்ளே சுழலும் ரோட்டார் அதைத் துரத்தும், எட்டிப் பிடிக்காது. பிடித்துவிட்டால் ரோட்டாரில் மின்சாரம் தூண்டப்படாது, இழுவையும் இருக்காது. அதனால்தான் தகட்டில் 1,440.

அந்த 1,500-ஐ அன்றாடம் தாண்டிய எந்திரங்களும் இதே சீமையில் உண்டு. 1986-ல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் 55 கிலோவாட் காற்றாலைகள் வந்தன. பிறகு கயத்தாறு நெடுகக் காத்தாடிகள் நின்றன. பழைய காத்தாடிகள் பலவற்றின் தலையில் இருப்பது அடிப்படையில் நம் கிணற்று மோட்டாரின் பெரிய உருவம்தான். செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று இறக்கையைத் தள்ள, கியர்பெட்டி ரோட்டாரை 1,500-க்குச் சற்று மேலே, ஏறக்குறைய 1,515 வரை கொண்டுபோகும். ரோட்டார் காந்தப்புலத்தை முந்திய கணமே மின்சாரத்தின் திசை மாறி, அது கம்பிக்குப் போகத் தொடங்கும். நூற்றுக்கு ஒரு பங்கு வேகம் கூடியதற்கே மோட்டார் ஜெனரேட்டர் ஆகிவிடுகிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது வியப்புதான். அதற்கான காந்தப்புலமும் மின்கம்பியிலிருந்தே வரவேண்டும். வெளி மின்சாரம் நின்றால் இறக்கையைப் பிடித்து நிறுத்தும் சுமை போய்விடும். உடனே பிரேக் விழாவிட்டால் வேகம் கட்டுக்கடங்காது.

வி.எஃப்.டி செய்வது வேறு வேலை. அது அதிர்வெண்ணையே ஏற்றிவிடுகிறது. 60 ஹெர்ட்ஸ் கொடுத்தால் காந்தப்புலம் 1,800 சுற்றும். ஆனால் வோல்டேஜ் 415-க்கு மேல் ஏறாது. அதிர்வெண் ஏறி வோல்டேஜ் அங்கேயே நின்றால் காந்தப்புலம் மெலியும், இழுவிசையும் குறையும். மோட்டார் தாங்கக்கூடிய உச்ச இழுவிசை, 50 ஹெர்ட்ஸில் இருப்பதோடு ஒப்பிட்டால், 60 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 69 சதவீதம், 75 ஹெர்ட்ஸில் 44 சதவீதம்.

பம்பு கேட்பதோ இதற்கு நேர் எதிர். வேகம் 1.2 மடங்கானால் பம்பு இழுக்கும் சக்தி சுமார் 1.73 மடங்காகும். முழுச் சுமையில் ஓடும் 5 எச்.பி மோட்டாரிடம் எட்டரை எச்.பிக்கு மேல் கேட்கிறோம். ஒன்று டிரைவ் டிரிப் ஆகும், அல்லது காயில் எரியும். காயில் கட்டும் செலவும், மோட்டார் திரும்பி வரும்வரை காயும் பயிரும் விவசாயி தலையில்தான்.

இரும்பும் பாடுபடும். ரோட்டாரை வெளியே இழுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், 1.2 மடங்கு வேகத்துக்கு 1.44 மடங்கு. பேரிங் சூடாகும், கிரீஸ் இளகும், சிறிய சமநிலைக் குறையும் பெரிய அதிர்வாகும்.

தொடக்கத்திலிருந்தே அதற்கெனச் செய்த மோட்டார் என்றால் கதை வேறு. கோவில்பட்டி வழியே ரயில்களை இழுக்கும் டபிள்யூ.ஏ.பி-7 எஞ்சினின் இண்டக்ஷன் மோட்டார் 1,283 சுற்றுக்கு மதிப்பிடப்பட்டது. 2,484 வரை ஓடும். கிளம்பும்போதுதான் ரயிலுக்குப் பெரும் இழுவிசை வேண்டும், வேகம் பிடித்தபின் குறைவே போதும். பம்பு அப்படியில்லை.

எனவே கிணற்று மோட்டாரை 50 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. ஊற்று மெதுவாகச் சுரக்கும் கிணற்றில் அதே டிரைவைக் கொண்டு அதிர்வெண்ணை இறக்கிப் பார்க்கலாம். 40 ஹெர்ட்ஸில் பம்பு கேட்கும் சக்தி ஏறக்குறைய பாதிதான். கிணறு சட்டென்று வற்றி மோட்டார் வெறுமனே ஓடுவதும் தள்ளிப்போகும். ஆனால் தண்ணீரை ஏற்றும் உயரமும் 64 சதவீதமாகச் சுருங்கும். மட்டம் ஆழத்தில் கிடந்தால் ஒரு சொட்டும் மேலே வராது. ஆகவே முதலில் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து, அதைப் பம்பின் தகட்டில் உள்ள உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.