உல்லாசத்துக்கு ஓர் ஆண்டுச் சீட்டு

சீசன் சீட்டு என்பது நம் நாட்டவர்க்குப் புதியதொன்றன்று. நாள்தோறும் புகையிரதத்தில் கந்தோருக்குச் செல்லும் எழுதுவினைஞர் அதனை வாங்குமுன் தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் பார்ப்பதில்லை. அவர் போயே தீரவேண்டியவர். மாதத்தில் எத்தனை நாள் போவார் என்பது மாதம் பிறக்குமுன்னரே தெரிந்த செய்தி. ஆதலின் அங்கே கணக்கும் எளிது, விடையும் எளிது. போகவும் செய்யலாம், போகாமலும் இருக்கலாம் என்னும் ஓர் இடத்துக்கு, ஆண்டு முழுவதற்குமாகப் பணத்தை முன்கூட்டியே கட்டுவது தக்கதா என்று கேட்கும்போதுதான் சங்கடம் பிறக்கின்றது.

2024 ஆம் ஆண்டின் இறுதியில் கலிபோர்ணியாவில் வாழும் எம் உடன்பிறந்தாளின் மகள் இவ்வினாவையே எம்மிடம் விடுத்தாள். அவளும் கணவரும் உத்தியோகம் பார்ப்பவர்கள். எட்டு வயதில் ஒரு மகன்; மூன்று வயது நிரம்பாத ஒரு மகள். அவர்கள் வீட்டிலிருந்து டிஸ்னிலாந்து ஏறத்தாழ அறுபது கிலோமீற்றர். மகனின் வகுப்புத் தோழர்கள் பலர் அங்கே செல்வதற்கு ஆண்டுச் சீட்டு வைத்திருக்கின்றனராம். “மாமா, நீங்கள் பொருளியல் படிப்பிக்கிறவர்தானே, வாங்கலாமோ வேண்டாமோ என்று ஒரு முடிவு சொல்லுங்கோ” என்பது அவளுடைய வேண்டுகோள். படிப்பிக்கின்றவர் எல்லாரும் முடிவு சொல்ல வல்லவரல்லர். எனினும் கேட்டது நம் பிள்ளையாதலால் நாமும் சிறிது ஆராய்ந்து பார்த்தோம்.

அனஹைம் நகரில் வோல்ட் டிஸ்னி அமைத்த அந்தப் பூங்கா 1955 ஆம் ஆண்டு ஜூலை 17 ஆம் திகதி திறக்கப்பட்டது. அக்காலத்தில் வாசலில் பெரியவருக்கு ஒரு டொலர், சிறுவருக்கு 50 சதம். உள்ளே சென்றபின் ஏறியமரும் ஒவ்வொரு வாகனத்துக்கும் வேறு காசு. அவ்வாண்டு ஒக்டோபரிலேயே சீட்டுப் புத்தகம் என்னும் முறை வந்தது. சிறு விளையாட்டுகளுக்கு ‘ஏ’ சீட்டு, அதனிற் சிறந்தவற்றுக்கு ‘பீ’, ‘சீ’ என வகுத்தனர். 1959 இல் நீர்மூழ்கிக் கப்பலும் ஒற்றைத் தண்டவாள வண்டியும் மற்றர்ஹோண் மலைச் சறுக்கலும் வந்தபோது ‘ஈ’ சீட்டுத் தோன்றியது. அச்சொல் அமெரிக்கர் நாவிலே உயர்ந்த இன்பத்துக்குப் பெயராகவே நிலைத்துவிட்டது. விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கப் பெண்மணியாகிய சாலி ரைட் 1983 இல் தம் விண்கலப் பயணத்தைக்கூட ‘ஈ’ சீட்டு என்றே வருணித்தார். அதற்கு முந்திய ஆண்டிலேயே சீட்டுப் புத்தகங்கள் ஒழிந்து, வாசலில் ஒருமுறை பணம் கட்டினால் உள்ளே யாவும் இலவசம் என்ற முறை வழக்குக்கு வந்துவிட்டது.

இவ்விரு முறைகளுள் எது உடையவனுக்கு நன்று என்பதைப் பொருளியலறிஞர் வோல்ற்றர் ஒய் 1971 இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். டிஸ்னிலாந்தின் பெயரையே தலைப்பில் தாங்கிய அக்கட்டுரை இன்றும் பல்கலைக்கழக மாணவர்க்குப் பாடமாக உள்ளது. வாசற் கட்டணம் ஒன்று, உள்ளே பயன்படுத்துவதற்குரிய கட்டணம் மற்றொன்று என இரண்டு பிடிகள் இருப்பின், ஒன்றைத் தளர்த்தி மற்றொன்றை இறுக்கலாம் என்பதே அதன் சாரம். ஆண்டுச் சீட்டினை இக்கண்கொண்டு நோக்குதல் வேண்டும். அதனை வாங்கியவனுக்கு வாசல் ஒவ்வொரு முறையும் இலவசமாகின்றது. ஆயின் உணவுச்சாலையும் விளையாட்டுப் பொருட் கடையும் இலவசமாவதில்லை. சீட்டுடையோர்க்கு அங்கே விலைக்கழிவு தருகின்றனர். கழிவு தருவது வாங்கச் செய்வதற்கே என்பதை யாழ்ப்பாணத்துச் சந்தையில் ஒருநாள் நின்றவர்க்கும் நாம் விளக்கவேண்டியதில்லை.

இப்பொழுது விலைக்கு வருவோம். 2021 ஆகஸ்டு முதல் அங்கே ஆண்டுச் சீட்டுக்கு ‘மஜிக் கீ’, அதாவது மாயத் திறப்பு, என்று பெயர். பெயரில் மட்டும் மாயம் குறைவில்லை. அது பல தரத்தது. 2024 ஒக்டோபரில் அறிவித்த விலைப்படி ‘இமஜின்’ 599 டொலர், ‘என்சான்ற்’ 974, ‘பிலீவ்’ 1,374, ‘இன்ஸ்பயர்’ 1,749. விலை குறையக் குறைய, நுழைய இயலாத தடை நாள்கள் கூடும். மலிவானது தென் கலிபோர்ணியாவில் வசிப்போர்க்கு மாத்திரம் உரியது. அதுவும் பெரும்பாலும் வார நாள்களுக்கே உதவும். பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளையும் உத்தியோகம் செய்யும் பெற்றோரும் உள்ள வீட்டுக்கு வார நாளில் திறக்கும் திறப்பு என்ன பயன் தரும்? வாகனத் தரிப்பு முழுவதும் இலவசமாவது எல்லாவற்றுள்ளும் உயர்ந்த தரத்துக்கே. ஒருநாட் சீட்டோ, நாளுக்கு நாள் விலை மாறுவது. 2024 ஒக்டோபர் விலைப்படி கூட்டம் குறைந்த நாளில் அது 104 டொலராக இருந்தது. நெருக்கடி மிக்க நாளில் 206 ஆக இருந்தது. ஒருநாட் சீட்டில் மூன்று முதல் ஒன்பது வயதுவரையுள்ள சிறுவருக்குச் சிறிது சலுகை உண்டு. ஆண்டுச் சீட்டில் அச்சலுகையும் இல்லை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எந்தச் சீட்டும் தேவையில்லை. ஆண்டுச் சீட்டின் பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதை மறைத்தல் ஆகாது. 2001 இல் அருகே திறக்கப்பட்ட ‘கலிபோர்ணியா அட்வெஞ்சர்’ என்னும் இரண்டாவது பூங்காவுக்குள்ளும் அது செல்லுபடியாகும். சாதாரண ஒருநாட் சீட்டு ஒரு பூங்காவுக்கே.

எம் மருமகள் எண்ணியிருந்தது ‘என்சான்ற்’ திறப்பு. தந்தை, தாய், மகன் என மூவருக்கும் 2,922 டொலர். ஒருநாட் சீட்டின் விலையைச் சராசரியாக 150 டொலர் எனக் கொண்டால், மூவர் ஏழு முறை செல்ல 3,150 டொலர் ஆகும். ஏழு முறை சென்றுவிட்டால் 228 டொலர் மிச்சம் என்று அவள் எழுதியிருந்தாள். கூட்டலிலும் பெருக்கலிலும் பிழையில்லை. கணவரும் இதைத்தான் கணக்கிட்டிருக்கின்றார். அங்குள்ள நண்பர்களும் இப்படியே கணக்கிடுகின்றனராம்.

ஆயின் எதனோடு எதனை ஒப்பிடுகின்றோம் என்பதிலேதான் நுட்பம் இருக்கின்றது. ஆண்டுச் சீட்டு என ஒன்று உலகில் இல்லாதிருப்பின் இக்குடும்பம் ஆண்டில் எத்தனை முறை அங்கே சென்றிருக்கும்? நாம் இதனை அவளிடமே வினவினோம். இருமுறை, மிஞ்சினால் மூன்று முறை என்றாள். அப்படியாயின் ஏழு ஒருநாட் சீட்டுகளின் விலை எங்கிருந்து வந்தது? அவர்கள் ஒருபோதும் செலவிட நினையாத பணத்தை மிச்சம் பிடிப்பதாக அன்றோ கணக்குச் சொல்கின்றது! வாகனத் தரிப்பு, பெற்றோல், ஊண் ஆகியவற்றுக்கு ஒருமுறைக்கு 120 டொலர் ஆகும் என்பது அவளே தந்த மதிப்பு. அதனையுஞ் சேர்த்தால் திறப்பு வாங்கி ஏழு முறை செல்ல 3,762 டொலர். திறப்பு வாங்காது இருமுறை செல்ல 1,140 டொலர். வேறுபாடு 2,622. மேலதிகமாகக் கிடைக்கும் ஐந்து பயணங்களுக்கு அத்தொகை; ஒரு பயணத்துக்கு ஏறத்தாழ 524 டொலர்.

அந்த ஐந்து பயணங்களும் முதலிரண்டைப் போன்ற இன்பத்தைத் தருமா என்பதும் உண்டு. பலாப்பழத்தின் முதற்சுளையும் பத்தாஞ்சுளையும் ஒரே பழத்தினவே; நாவுக்கு அவை ஒன்றல்ல. நம் உயர்தர வகுப்பு மாணவர் குறைந்துசெல் எல்லைப் பயன்பாடு என்று மனனஞ் செய்வது இதனைத்தான். சிறுவர் விதிவிலக்கு என்று சிலர் வாதிப்பர். ஒரே கதையை நூறுமுறை சொல்லச் சொல்லிக் கேட்கும் பருவம் அது என்பது உண்மையே. ஆயின் இங்கே வரிசையில் நிற்பவர் சிறுவர் மட்டுமல்லரே.

மனிதர் தம் வருங்காலத்தைப் பற்றி எப்பொழுதும் நம்பிக்கை மிக்கவர்கள். டெல்லாவிஞ்ஞா, மல்மென்டியர் என்னும் இரு பொருளியலாளர் அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சிக் கழகங்களின் 7,752 உறுப்பினரது வருகைப் பதிவை ஆராய்ந்து 2006 இல் வெளியிட்டனர். மாதந்தோறும் 70 டொலருக்கு மேற் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறையே வந்தனர். ஒருமுறைக்கு 17 டொலருக்கு மேல் விழுந்தது. பத்துமுறைச் சீட்டு வாங்கியிருந்தால் ஒருமுறைக்குப் பத்து டொலருடன் முடிந்திருக்கும். அவர்கள் எவரும் கணக்குத் தெரியாதவரல்லர். அடுத்த மாதம் ஒழுங்காக வருவோம் என ஒவ்வொரு மாதமும் எண்ணியவர்கள்.

இதனினும் எமக்குச் சுவையாகத் தோன்றியது ஆர்க்ஸ், புளூமர் என்னும் உளவியலாளரின் 1985 ஆம் ஆண்டு ஆய்வு. ஒகாயோ பல்கலைக்கழக நாடக அரங்கிற்குப் பருவச் சீட்டு வாங்க வந்தவர்களுட் சிலருக்கு முழு விலையாகிய 15 டொலருக்கும், சிலருக்கு 13 டொலருக்கும், சிலருக்கு 8 டொலருக்குமாக, ஒழுங்கின்றித் தெரிந்து, சீட்டுக் கொடுத்தனர். பருவத்தின் முற்பாதியில் முழு விலை கொடுத்தவர்களே கழிவு பெற்றவர்களைவிட மிகுதியாக நாடகம் பார்க்க வந்தனர். கொடுத்த பணம் உறுத்தியது போலும். பிற்பாதியில் அவ்வேறுபாடு மறைந்துபோயிற்று. ஆண்டுச் சீட்டு வாங்கியோரும் தை, மாசியில் வாரந்தவறாது சென்று ஆவணியில் அலமாரிக்குள் அதனைத் தேடுவர் என நாம் கருதுவதற்கு இதுவே ஆதாரம்.

தவணைமுறை இன்னொரு பொறி. கலிபோர்ணியாவில் வசிப்போர் முதலில் ஒரு தொகை கட்டி, எஞ்சியதைப் பன்னிரண்டு மாதங்களிற் செலுத்தலாம். வட்டியில்லை, நல்லதே. எனினும் ஆண்டுக்கு இவ்வளவு என்று கேட்டவுடன் திடுக்கிடும் மனம், மாதத்துக்கு இவ்வளவுதானே என்றவுடன் சாந்தமடைந்துவிடுகின்றது. தொகை மாறவில்லை என்பதை அது கவனிப்பதில்லை.

சீட்டு வாங்கிவிட்டால் நினைத்தவுடன் புறப்படலாம் என்பதும் முழுவதும் சரியன்று. எந்நாள் வருகின்றோம் என்பதை முன்பதிவு செய்தல் வேண்டும். பதிந்துவிட்டு 90 நாள்களுக்குள் மூன்றுமுறை வாராதிருப்போர் 30 நாள்களுக்குப் புதிதாகப் பதிய இயலாது என்பது அத்திட்டம் தொடங்கியபோது வகுத்த விதி. தடை நாள்களே இல்லை என 2021 இல் 1,399 டொலருக்கு விற்ற உயர்தரத் திறப்பை வாங்கிய ஒருவர், தாம் விரும்பிய நாள்களுக்கு இடம் கிடைக்கவில்லை என்று வழக்குத் தொடுத்தார். நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தபோதிலும், 2023 இல் 95 இலட்சம் டொலருக்கு இணங்கி அவ்வழக்கு முடிந்தது. ஓராண்டு என்பது நம் கையில் உள்ள பொருள் போலத் தோன்றினும் அப்படியன்று. கொரோனா நோய் பரவியபோது 2020 மார்ச்சு 14 ஆம் திகதி மூடிய அப்பூங்கா, 2021 ஏப்பிரல் 30 ஆம் திகதிதான் மீண்டும் திறந்தது. இடையில் பழைய ஆண்டுச் சீட்டுத் திட்டமே முடிவுக்கு வந்து, தகுதியுடையோர்க்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தனர்.

இவ்வளவும் சொன்னமையால் ஆண்டுச் சீட்டு வாங்குவோர் அனைவரும் ஏமாளிகள் என்று நாம் கருதுவதாக எண்ணற்க. பத்து நிமிடத் தொலைவில் வீடு உள்ளவர்க்கு அது வேறு பொருள். ஒருநாட் சீட்டு வாங்கியவன் கொடுத்த காசுக்கு ஈடு பெறவேண்டும் என்ற அவதியில் விடியற்காலை முதல் நள்ளிரவுவரை பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுகின்றான். குழந்தை அழுதாலும் விடுவதில்லை. தான் களைத்தாலும் விடுவதில்லை. ஆண்டுச் சீட்டுடையவனோ மாலையில் இரண்டு மணி நேரம் உலாவி, வாணவேடிக்கை பார்த்து, பிள்ளைக்குத் தூக்கம் வந்தவுடன் வீடு திரும்புவான். அந்நிம்மதிக்கு ஒரு விலை உண்டு. அதனை எந்தக் கணக்கும் சரிவரக் காட்டாது. அறுபது கிலோமீற்றரை நெருக்கடி மிகுந்த வீதியிற் கடந்துவருவோர்க்கு அந்நிம்மதி கிட்டுவதரிது என்பதே நாம் எழுதிய மறுமொழி.

அத்துடன் ஒன்றை நினைவூட்டினோம். எம் உடன்பிறந்தாளுக்கு எழுபத்திரண்டு வயது. முழங்கால் நோவினால் நெடுந்தூர விமானப் பயணம் அவருக்கு இயலாது. சின்னப் பேர்த்தியை அவர் இதுவரை கைபேசித் திரையில்தான் கண்டிருக்கின்றார். பேர்த்தி இன்னும் சிறிது வளர்ந்துவிட்டால் அம்மம்மாவின் மடியில் ஏறியிருக்க நாணுவாள். 2,622 டொலர் என்பது இருவர் ஊருக்கு வந்துபோகும் விமானக் கட்டணத்திற் பெரும்பகுதியைத் தாங்கக்கூடிய தொகை. இதனை நாம் அறிவுரையாக எழுதவில்லை. கணக்கின் ஒரு வரியாகவே எழுதினோம்.

மூன்று கிழமை கழித்து மறுமொழி வந்தது. திறப்பு வாங்கவில்லை. சின்னவளுக்கு மூன்று வயது நிரம்புமுன், மகனின் பள்ளிக்கூடம் மூடியிருக்கும் ஒரு வார நாளில், மூன்று ஒருநாட் சீட்டுடன் நால்வரும் போய்வருவதாகவும், சித்திரையில் தாயும் மகளும் ஊருக்கு வர முயல்வதாகவும் எழுதியிருந்தாள். கணவர் மட்டும் இன்னும் முழுவதும் இணங்கவில்லையாம். தம்முடைய வேலை அனஹைமுக்கு அண்மையில் மாறக்கூடும், மாறினால் கணக்கை மறுபடியும் போடவேண்டும் என்கின்றாராம். அது நியாயமான பேச்சே. பெற்றோலும் பயண நேரமும் அப்போது வேறாகும். ஆயின் அதற்குள் சின்னவளுக்கும் ஒரு திறப்பு வேண்டியிருக்கும். 2024 ஆம் ஆண்டு விலையிலேயே நால்வருக்கும் 3,896 டொலர்.